நாள் குறிக்கப்படாத தேர்தல்

மக்களாட்சி என்பது மக்கள் ஒருநாள் வாக்களித்துவிட்டு ஓய்ந்துபோகும் காரியமன்று. குறித்த காலம் முடிந்ததும் ஆள்வோர் மீண்டும் மக்களிடம் வந்து கணக்கொப்புவிக்க வேண்டும் என்ற கடப்பாடே அதன் உயிர்நாடி. கடப்பாடு எதற்கும் நாள் உண்டு. “இயலும்போது தருவேன்” என்று எழுதிக்கொடுத்த கடன் சீட்டை எந்த நொத்தாரிசும் ஏற்கமாட்டார். எந்தக் கமக்காரனும் அதை நம்பி நெல் அளந்து கொடுக்கமாட்டான். ஆனால் இந்நாட்டில் அரசாங்கங்கள் மாறிமாறி மக்களுக்குக் கொடுத்துவரும் சீட்டு அத்தகையதாகவே இருக்கிறது.

வட மாகாண சபையின் ஐந்தாண்டு ஆயுள் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் அதற்கு ஓராண்டு முன்னரே, 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2019 ஒக்ரோபரில் ஊவா மாகாண சபையும் கலைந்தபோது, ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலேனும் மக்கள் தெரிவு செய்த சபை இல்லை என்ற நிலை ஏற்பட்டது. அதன் பின்னர் 2019இலும் 2024இலும் சனாதிபதித் தேர்தல் நடந்தது. 2020இலும் 2024இலும் பாராளுமன்றத் தேர்தல் நடந்தது. 2025 மே 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. வாக்குப் பெட்டிகளுக்கும் குறைவில்லை, வாக்காளருக்கும் குறைவில்லை. ஆயினும் அந்த மே மாதத்திலுங்கூட மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

ஓர் அரசாங்கம் தேர்தலை எவ்வளவு காலம் தள்ளிப்போடலாம்? சட்டம் அதற்கு விதித்துள்ள எல்லை யாது? எல்லை இருந்தும் அது மீறப்படுவது எங்ஙனம்? இக்கேள்விகளை நாம் இன்று நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் 1987 நவம்பரில் சட்டமானது. மாகாண சபையொன்று முதற் கூட்டத்துக்கெனக் குறித்த நாள் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு நிலவும் என்றும், அக்காலம் முடிவதே அச்சபையின் கலைப்பாகும் என்றும் அது கூறுகிறது. சபை உறுப்பினர் ஐந்தாண்டுக்கு மேல் ஒருநாள்தானும் ஆசனத்தில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. இஃது ஒரு நல்ல பூட்டு. ஆனால் இந்தப் பூட்டு வாயிலின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. பழைய சபை வெளியேற வேண்டிய நாளை விதித்த அரசியலமைப்பு, புதிய சபை உள்ளே வரவேண்டிய கடைசி நாளை விதிக்கவில்லை. அந்தப் பணி 1988ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல்கள் சட்டத்திடம் விடப்பட்டது. சபை கலைந்த ஒரு வாரத்துள் தேர்தல் நடத்தும் எண்ணத்தைத் தேர்தல் அதிகாரி அறிவிக்க வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது.

சாதாரண சட்டத்தைச் சாதாரண வழியில் மாற்றலாம். வேறொரு சட்டத்தால் அதை முடக்கவும் செய்யலாம். நடந்ததும் அதுவே.

2017இல் மாகாண சபைகள் அனைத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் வைப்பதற்கென இருபதாந் திருத்த மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. சபைகள் கலையும் நாளைப் பாராளுமன்றமே தீர்மானிக்கும் என்பது அதன் உட்கிடை. சில சபைகளின் ஆயுள் அதனால் நீளும். மக்களின் வாக்குரிமை இறைமையின் ஒரு கூறு; ஆதலின் இம்மசோதாவுக்குச் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. முன்வாயில் அடைபட்டது. அரசாங்கம் பின்வாயிலை நாடியது. பெண்களுக்கு வேட்பாளர் பட்டியலில் இடம் ஒதுக்குவதற்கென வந்த வேறொரு மசோதாவிற் குழுநிலையின்போது திருத்தங்கள் பல புகுத்தப்பட்டன. தேர்தல் முறையே மாற்றப்பட்டது. தொகுதிகளுக்குப் புதிதாக எல்லை நிர்ணயம் செய்த பின்னரே தேர்தல் நடத்த முடியும் என்றாயிற்று. 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் இவ்வாறே பிறந்தது.

எல்லை நிர்ணய அறிக்கை 2018 மார்ச்சில் பாராளுமன்றத்துக்கு வந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 24ஆந் திகதி அவ்வறிக்கைக்கு ஆதரவாக ஒரு வாக்குமின்றி அது தோற்கடிக்கப்பட்டது. அறிக்கையைச் சபையில் முன்வைத்த அமைச்சரே அதற்கு எதிராக வாக்களித்தார். சட்டப்படி அதன் பின்னர் பிரதம மந்திரி தலைமையிலான மீளாய்வுக் குழு இரண்டு மாதத்துள் அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கை வரவில்லை. பழைய முறைப்படியேனும் தேர்தல் நடத்தலாமா என்று 2019இல் சனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். புதிய சட்டம் இருக்கையில் பழைய முறைக்குத் திரும்ப இயலாது என்பதே கிடைத்த விடை. பழைய சட்டம் செத்துவிட்டது. புதிய சட்டம் பிறந்தும் நடக்கவில்லை. நடுவில் நின்றது தேர்தல்.

எமது தேச வழமை அறிந்த கமக்காரருக்கு இதை விளக்குவது எளிது. ஒருவன் ஐந்து வருடத் தவணைக்கு ஒற்றிக்குக் காணி வாங்குகிறான். தவணை முடிகிறது. காணிக்காரன் மீட்கப் பணத்துடன் வந்து நிற்கிறான். “எல்லை அளந்து படம் வரையவேண்டும், படம் முடிந்ததும் தருகிறேன்” என்கிறான் ஒற்றிக்காரன். நில அளவையாளர் வந்து படம் வரைந்து கொடுக்கிறார். ஒற்றிக்காரன் அதைக் கிழித்தெறிகிறான். பின் காணிக்காரனைப் பார்த்து, “படம் இல்லையே, நான் என்ன செய்வேன்?” என்று கைவிரிக்கிறான். விளைச்சலோ ஆண்டுதோறும் அவன் வீட்டுக்கே போகிறது. இவ்வழக்கை எந்த நீதவானிடம் கொண்டுபோனாலும் தீர்ப்புச் சொல்ல ஒரு நாழிகை போதும். தன் தவற்றால் விளைந்த தடையைத் தனக்குச் சாதகமாக எவனும் காட்டலாகாது என்பது சட்டத்தின் பாலபாடம்.

தேர்தலைத் தள்ளிப்போடும் கலை நேற்றுத் தோன்றியதன்று. 1970 மே மாதத்தில் ஐந்தாண்டுக்கெனத் தெரிவான பாராளுமன்றம் சோல்பரி அரசியல் திட்டத்தின்படி 1975இல் முடிந்திருக்க வேண்டும். 1972 மே 22இல் குடியரசு அரசியலமைப்பு வந்தபோது, அந்த நாளிலிருந்து மேலும் ஐந்தாண்டு என்று தன் ஆயுளைத் தானே எழுதிக்கொண்டது அச்சபை. தேர்தல் 1977 யூலையில்தான் நடந்தது. ஐந்தாண்டுக்கு வாங்கிய ஆணை ஏழாண்டாயிற்று. அவ்வரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதைத் தேர்தல் மூலம் நிலைநாட்டவென 1972 ஒக்ரோபரில் தந்தை செல்வநாயகம் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். அந்த ஒரே தொகுதிக்கான இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி 6 வரை நடத்தப்படவில்லை. இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் ஒரு தொகுதி மக்கள் ஊமையாக்கப்பட்டனர். முடிவில் அவர் 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மை வாக்குகளால் வென்றார். தாமதம் விடையை மாற்றவில்லை. ஆனால் காலத்திற் கேட்டிருக்க வேண்டிய விடை காலங்கடந்து கேட்டது. அந்த இடைவெளியில் வாக்குப் பெட்டியில் நம்பிக்கை இழந்த இளைஞர் எத்தனை பேர் என்று எவர் கணக்கிட்டார்?

அடுத்தது 1982. அன்றைய அரசாங்கம் 1977இல் 168 ஆசனங்களில் 140ஐப் பெற்றிருந்தது. புதிய விகிதாசார முறையில் அத்தகைய பெரும்பான்மை மீண்டுங் கிட்டாது. ஆதலின் தேர்தலுக்குப் பதிலாக, பாராளுமன்றத்தின் ஆயுளை 1989 ஓகஸ்ட் வரை நீடிக்க நான்காந் திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஆறாண்டுக்கு மேல் ஆயுளை நீடிப்பதாயின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரை. இரண்டும் பெறப்பட்டன. உயர் நீதிமன்ற நீதியரசர் எழுவரில் நால்வர் அது செல்லும் என்றனர், மூவர் மாறுபட்டனர். 1982 டிசெம்பர் 22இல் விளக்குச் சின்னத்துக்கும் பானைச் சின்னத்துக்கும் நடந்த போட்டியில் விளக்கு 54.66 சதவீதம் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட வாக்குகள் பானைக்கே விழுந்தன.

இங்கே சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. அதுவே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம். வாக்களிக்கும் உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உரியது. நூறு பேரில் ஐம்பத்தைந்து பேர் தம் உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பினால், மற்ற நாற்பத்தைந்து பேரின் உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? ஒரு மாவட்டம் முழுவதும் மறுத்தும், வேறு மாவட்டங்களின் வாக்கு அதைக் கட்டிப்போட்டது. 1983இல் ஆறாந் திருத்தத்தின் சத்தியப் பிரமாணத்தை ஏற்க மறுத்த தமிழ்ப் பிரதிநிதிகள் தம் ஆசனங்களையும் இழந்தனர். நாட்டின் வரலாற்றிலே பேச்சு மிகமிக வேண்டப்பட்ட ஆண்டுகளில், வடக்குக் கிழக்கின் பெரும்பகுதி பாராளுமன்றத்திற் குரலற்றுக் கிடந்தது. அதன் பின் வந்ததை நாம் எழுத வேண்டியதில்லை. இடிந்த வீடுகளும் வெறிச்சோடிய வயல்களும் எழுதி வைத்திருக்கின்றன.

இனி, நீதிமன்றங்கள் செய்தது என்ன? குறை கூறுவதற்கு முன் அவற்றுக்கு உரிய நன்றியைச் செலுத்துவோம். 1998 ஓகஸ்டில் ஐந்து மாகாண சபைகளுக்குத் தேர்தல் நடக்கவிருந்தது. அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்து, ஒழுங்குவிதி ஒன்றால் அத்தேர்தல் நிறுத்தப்பட்டது. இரு பிரசைகள் வழக்காடினர். 1999 ஜனவரியில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு இந்நாட்டுச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். வாக்களிப்பது கருத்து வெளிப்பாட்டின் ஒரு வடிவம். அதைக் காரணமின்றி நிறுத்துவது அடிப்படை உரிமை மீறல் என்று நீதிமன்றம் கூறியது. மூன்று மாதத்துள் தேர்தல் நடத்தவும் பணித்தது. 1999 ஏப்ரலில் தேர்தல் நடந்தது.

2023இல் உள்ளூராட்சித் தேர்தலுக்கு மார்ச் 9 என நாள் குறிக்கப்பட்டது, வேட்புமனுக்களும் ஏற்கப்பட்டன. திறைசேரியிற் பணமில்லை என்று தேர்தல் முடக்கப்பட்டது. ஒதுக்கிய பணத்தைத் தடுக்கலாகாது என்று மார்ச் 3இல் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்ட் 22இல், இஃது அடிப்படை உரிமை மீறல் என இறுதித் தீர்ப்பு வந்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே மாதத்தில்.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன்னதில் ஐந்து மாதத்துள் தீர்ப்பு, அதில் நாட்கெடு இருந்தது, தேர்தல் நடந்தது. பின்னதில் தீர்ப்பு வர ஒன்றரை ஆண்டு. அதன் பின்னும் எட்டு மாதம். தேர்தல் வழக்கிற் காலந்தாழ்த்திய வெற்றி பாதித் தோல்வியாகும். இழந்த இரண்டு ஆண்டுகளின் வாக்கை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது. ஆதலின் நாளைக் குறிக்கும் பொறுப்பை நீதிமன்றத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் வாளாவிருத்தல் தகாது.

தேர்தலை ஒருபோதும் பிற்போடவே கூடாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. போரும் கொள்ளைநோயும் வருவதுண்டு. 1936இல் தெரிவான அரசாங்க சபை உலகப்போர் காரணமாக 1947 வரை நீடித்தது. பிரித்தானியாவிலே 1935இல் தெரிவான பாராளுமன்றம் 1945 வரை இருந்தது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஏப்ரல் 25இல் நடக்கவிருந்த எமது பாராளுமன்றத் தேர்தல் ஓகஸ்ட் 5க்குப் பிற்போடப்பட்டது. அதைத் தவறென நாம் சொல்லோம். ஆனால் கலைத்து மூன்று மாதத்துள் புதிய பாராளுமன்றம் கூடவேண்டும் என்பது அரசியலமைப்பு. அது கைகூடாதபோது, கலைத்த பாராளுமன்றத்தை மீண்டும் அழைக்கும் அதிகாரம் சனாதிபதிக்கு இருந்தது. அதை அவர் பயன்படுத்த மறுத்தார். ஐந்து மாதத்துக்கு மேல் நாடு சட்டசபையின்றி ஆளப்பட்டது. அதுவே தவறு.

ஆகவே நியாயமான தாமதத்துக்கு மூன்று அடையாளம் உண்டு. காரணம் மெய்யானதாய், ஆள்வோர் கையை மீறியதாய் இருத்தல் வேண்டும். தாமதம் அளவிடப்பட்ட காலத்துக்கு மட்டுமே இருத்தல் வேண்டும். தாமதத்தால் ஆதாயம் அடைபவரே அதைத் தீர்மானிப்பவராய் இருத்தல் ஆகாது. மாகாண சபைத் தேர்தலுக்கு இவ்வுரைகல்லை இட்டுப் பாருங்கள். போரில்லை, நோயில்லை, காரணம் பாராளுமன்றமே உண்டாக்கியது. காலத்துக்கு அளவில்லை. ஆதாயம் அடைவது கொழும்பு அரசாங்கமே. சபை இல்லாத மாகாணத்தைச் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர் ஆள்கிறார். மூன்றிலும் தோற்ற தாமதம் இது.

இதனால் எமக்கென்ன நட்டம் என்று அலட்சியமாய் இருப்போர் மாகாண சபை நிரலை ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. விவசாயமும் கமநல சேவையும், மாகாணத்துக்குள் அடங்கிய நீர்ப்பாசனமும், கூட்டுறவும், கிராம அபிவிருத்தியும், பாடசாலையும், வைத்தியசாலையும் அதிலேயே உள்ளன. காலபோகத்துக்கு வாய்க்கால் துப்புரவாகவில்லை என்று கேட்க ஒரு மாகாண அமைச்சர் இல்லை. ஆசிரியர் இடமாற்றம் பற்றி வினவ ஒரு சபை இல்லை. மாகாண நியதிச்சட்டம் ஒன்றை இயற்ற ஒருவரும் இல்லை. அதிகாரிகள் நல்லவராயிருக்கலாம். ஆயினும் அவர்கள் கணக்குச் சொல்வது மேலே நோக்கி; எம்மை நோக்கி அன்று. பதின்மூன்றாந் திருத்தம் போதாது என்பார் எம்மிற் பலர். போதாததையும் பூட்டி வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது மேலும் வேண்டுவோர்க்கு அழகாகுமா? 1987க்குப் பின்னர், 1988இல் தெரிவாகி 1990இற் கலைந்த வடக்குக் கிழக்குச் சபையை விட்டால், வடக்கு மக்கள் தமது மாகாணத்துக்கெனத் தெரிவு செய்த சபை 2013 முதல் 2018 வரை இருந்த ஒன்றே.

இவ்விடத்தில் எமது பக்கத்துத் தவற்றையும் மறைக்காது சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆதரவாகத் தமிழ்ப் பிரதிநிதிகளும் வாக்களித்தனர். நல்லெண்ணத்தாற் செய்தனர் என்றே கொள்வோம். ஆனால் குழுநிலையில் அவசர அவசரமாகப் புகுத்தப்படும் திருத்தத்தைப் படிக்காமலும், படித்தும் பேசாமலும் கை உயர்த்துவதன் விலை என்ன என்பதை ஆண்டுகள் எமக்குக் கற்பித்துவிட்டன. பிறர் வீட்டுக் கதவைப் பூட்டுவதாக எண்ணி எம் வீட்டுக் கதவைப் பூட்டக் கைகொடுத்தோம்.

பரிகாரம் என்ன? அயலிலே பார்ப்போம். இந்திய அரசியலமைப்பின் 73ஆந் திருத்தம் பஞ்சாயத்துகளின் ஆயுளை ஐந்தாண்டு என்று விதித்ததோடு நில்லாமல், அக்காலம் முடியுமுன்னரே புதிய தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்றும், இடையிற் கலைத்தால் ஆறு மாதத்துள் தேர்தல் வேண்டும் என்றும் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. அப்படி எழுதியும் தமிழ்நாட்டிலே 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசெம்பர் வரை இழுபட்டது. எழுத்து மட்டும் காவலாகாது என்பதற்கு அதுவுஞ் சான்று. ஆயினும் அங்கே வழக்காடுவோர் சுட்டிக்காட்ட ஒரு நாள் இருந்தது. இங்கே நமக்கு அந்த நாளும் இல்லை. பிரித்தானியாவில் 1911ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுக்கள் சபையின் தடையதிகாரத்தைப் பெரிதும் பறித்தபோதும், பாராளுமன்ற ஆயுளை நீடிக்கும் மசோதாவில் மட்டும் அதை விட்டுவைத்தது. தன் ஆயுளைத் தானே நீட்டும் ஆசை எச்சபைக்கும் வரும் என்பதை அந்நாட்டார் அறிந்திருந்தனர்.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, எல்லை நிர்ணயம் முடியும்வரை பழைய விகிதாசார முறையிலேயே மாகாணத் தேர்தலை நடத்தலாம் என ஒரு குறுகிய சட்டம். இதற்கு ஆணைக்குழுவும் வேண்டாம், ஆண்டுக் கணக்கும் வேண்டாம். ஒரு பக்கக் காகிதம் போதும். இரண்டாவது, சபை கலைந்தபின் இத்தனை நாளுக்குள் தேர்தல் என்ற கெடுவும், தேர்தற் சட்டத்தை மாற்றுவோர் புதிய முறை ஆயத்தமாகும்வரை பழைய முறையே செல்லும் என்ற விதியும் அரசியலமைப்பில் இடம்பெறல் வேண்டும். மூன்றாவது, தேர்தற் செலவு நிதி அமைச்சரின் தயவில் தங்கியிராது, நீதியரசர் சம்பளம் போலத் திரட்டு நிதியின் மீது நேரடியாகச் சுமத்தப்படல் வேண்டும். நான்காவது, 2015இல் பத்தொன்பதாந் திருத்தம் சனாதிபதியினதும் பாராளுமன்றத்தினதும் காலத்தை ஐந்தாண்டாகக் குறைத்தபோது, 83ஆம் உறுப்புரையில் ஆறாண்டு என்ற சொல் தவறுதலாக விடப்பட்டது. 2024இற் சிலர் அதைப் பற்றிக்கொண்டு வழக்காடித் தோற்றனர். திறந்து கிடக்கும் அந்தப் பொட்டையும் அடைத்தல் வேண்டும்.

சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கமக்காரரும் கூட்டுறவாளரும் ஒன்றை நினைவிற் கொள்க. இந்நாட்டிற் சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. பிரித்தானியர் ஆட்சியின் கீழிருந்தும் ஆசியாவிலே முந்திப்பெற்ற உரிமை அது. ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிருவாக சபை இரண்டு ஆண்டு பொதுக்கூட்டம் கூட்டாவிட்டால் நீங்கள் பதிவாளருக்கு மனு எழுதுகிறீர்கள். மாகாணத்தின் பொதுக்கூட்டம் கூடவில்லை என்பதற்கு எத்தனை பேர் மனு எழுதினீர்கள்? ஒவ்வோர் ஊர்ச் சபையும், ஒவ்வொரு விவசாய சம்மேளனமும், ஒவ்வொரு சட்டத்தரணிகள் சங்கமும் ஒரே வரியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்பட்டும்: தேர்தலுக்கு நாளைக் குறி.

1975இல் வரவேண்டிய தேர்தலை 1977க்குத் தள்ளியோர், அத்தேர்தலில் எட்டு ஆசனங்களுடன் திரும்பினர். 1976இல் முடிந்த தன் மக்களவையின் ஆயுளை நீட்டிய இந்திய அரசாங்கமும் 1977 மார்ச்சிலே மக்களிடம் தோற்றது. தள்ளிப்போட்ட கடனுக்கு வட்டி ஏறும்; கடன் கரையாது. நாளைக் குறிப்பது ஆள்வோருக்கும் நன்று, ஆளப்படுவோருக்கும் நன்று.